படம் கழித்த பாடம்

போன மாதம் எங்கள் ஒலி நூலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவள். நூலகத்துக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். வீடியோவைக் கொடுத்தால் அதுவே சத்தத்தைப் பிரித்து, இரைச்சலை நீக்கி, பெயரும் வைத்துத் தந்துவிடுகிறதாம்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உது இப்ப ஒரு நொடியிலை முடியுது. நீங்கள் நாள் முழுக்க இருந்து என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

குறை நினைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் உத்தியோகம் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. தொலைபேசியில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

கண் தெரியாதவர்களுக்குப் புத்தகங்களையும் பாடங்களையும் ஒலியாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் நூலகத்தின் பணி. மானிப்பாயில் ஒரு பழைய வீட்டின் இரண்டு அறைகளில் அது இயங்கியது. அதற்கு முன் நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். சங்கம் கந்தோரைச் சுருக்கியபோது என்னையும் சுருக்கிவிட்டது. நூலகத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சி ஒரு பின்னேரத்தோடு முடிந்தது. வீடியோவை இணையத்தில் உள்ள ஒரு தளத்தில் ஏற்ற வேண்டும், அது ஒலியாக மாறி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வந்ததை இறக்க வேண்டும். இதை நான் என் மைத்துனருக்கு விளக்கியபோது அவர், "படத்தை எறிஞ்சுபோட்டுச் சத்தத்தை வைச்சிருக்கிறதுக்கும் சம்பளம் தாறாங்களோ?" என்றார். தந்தார்கள்.

நூலகத்தை நடத்தியவர் கிரேஸ் ரீச்சர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பார்வையற்ற பிள்ளைகளுக்கு நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்ற பின் இந்த வேலையைத் தொடங்கினார். கைத்தறிச் சேலையை மடிப்புக் குலையாமல் உடுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் வைத்தபடி இருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்னதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "தலையாட்டாதையும் சுகந்தி, எனக்குக் கேக்காது" என்றார்.

மாற்றுகிற தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் "இறக்கு" என்று எழுதிய பச்சைப் பொத்தான்கள் பெரிதாகப் பல இருக்கும். அவை எல்லாம் விளம்பரங்கள். அழுத்தினால் எடை குறைக்கும் மருந்தோ, யாரோ ஒருவரின் நிலவிற்பனையோ வந்து நிற்கும். உண்மையான பொத்தான் சாம்பல் நிறத்தில், சின்னதாக, ஒரு ஓரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது பயிற்சியில் சேர்க்கப்படவில்லை.

தரம் எவ்வளவு வேண்டும் என்றும் தளம் கேட்கும். பாட்டுக் கச்சேரி என்றால் உயர்ந்த தரம். எங்களுடையது பேச்சுத்தானே, ஒற்றைத் தடத்தில், குறைந்த தரத்தில் எடுப்பேன். அப்படிச் செய்தால் பெரிய வீடியோ ஒன்று சின்னக் கோப்பாகச் சுருங்கிவிடும். தொலைபேசிக்குக் காசு அட்டை போட்டுப் பாடம் கேட்கிற பிள்ளைகளுக்கு அதுதான் கட்டுப்படி. பிறகு இடையில் உள்ள வெறும் மௌனங்களை வெட்டுவேன். கோப்புக்குப் பெயர் வைப்பேன். கண் தெரியாதவர்களின் தொலைபேசி, கோப்பைத் திறந்தவுடன் அதன் பெயரை உரக்க வாசிக்கும். கமெரா தானாக வைத்த பெயரோடு அனுப்பினால் பாடம் தொடங்குமுன் ஒரு பெண்குரல் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கவேண்டி வரும். ஆகவே பாடத்தின் பெயர் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

கிரேஸ் ரீச்சரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. வீடியோவுக்கு உரியவரின் சம்மதம் இல்லாமல் ஒன்றையும் ஏற்றக்கூடாது. அனுப்புவதற்கு முன் முதலிலிருந்து கடைசிவரை இருந்து கேட்க வேண்டும். இரண்டாவது சட்டத்தை நான் ஒருமுறை மீறினேன். பலர் கேட்டதற்கிணங்க ஒரு சமையல் வீடியோவை மாற்றி, சமையல்தானே என்று கேட்காமலே அனுப்பினேன். அடுத்தநாள் சண்டிலிப்பாயிலிருந்து ஒரு அம்மா பேசினார். "பிள்ளை, பொரியிற சத்தம் நல்லா வந்திருக்கு. என்ன பொரியுது?" அந்த வீடியோவில் யாரும் பேசவே இல்லை. திரையில் எழுத்தாகவே எல்லாம் வந்து போயிருக்கிறது. நான் அனுப்பியது எண்ணெய்ச் சத்தமும் வயலினும்.

இப்போது நவநீதன் சேரின் விடயத்துக்கு வருகிறேன்.

தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தபோது ரியூசன் ஆசிரியர்கள் எல்லோரும் வீடியோவில் படிப்பிக்கத் தொடங்கினார்கள். சாவகச்சேரியில் பொருளியல் படிப்பித்த நவநீதன் சேருக்கு நல்ல பெயர். வீடியோக்களைப் பாவிக்க முடியுமா என்று எழுதிக் கேட்டோம். "தாராளமாக" என்று ஒரு சொல்லில் பதில் எழுதினார்.

அந்தப் பாடங்களைக் கேட்டவள் கோகிலா. உடுப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பம். கண் நரம்பில் வந்த நோயால் உயர்தரப் படிப்பின் இடையில் பார்வை முழுதாகப் போய்விட்டது. சில காலம் வீட்டில் இருந்துவிட்டு, சோதனையை எப்படியும் எழுதுவதென்று தீர்மானித்திருந்தாள். பிரெய்ல் பழகுவதற்கு நேரம் போதவில்லை. அவள் வாயால் சொல்ல இன்னொருவர் எழுதிக் கொடுப்பதற்கு அனுமதி கிடைத்திருந்தது. அப்படி எழுதுகிறவருக்குப் பொருளியல் தெரிந்திருக்கக் கூடாது. வரைபடம் வந்தால் அதையும் இவள் சொல்லச் சொல்லத்தான் அவர் கீற வேண்டும்.

நான் மாற்றி எடுத்த முதல் பாடம் இப்படிப் போனது:

"இந்தா, இது இப்பிடி இறங்கி வருது. அது உப்பிடி ஏறிப் போகுது. இது ரெண்டும் சந்திக்கிற இடம் இருக்கெல்லே, அதுதான் இது. இது இஞ்சாலை நகர்ந்தால் அதுக்கு என்ன நடக்கும்? ஓம். அதுதான் நடக்கும். விளங்குதா?"

முக்கால் மணித்தியாலம் இப்படியே இருந்தது. படத்தோடு பார்த்தால் அருமையான பாடம். வெள்ளைப் பலகையில் அழகாகக் கீறி, சரியான இடத்தில் விரலை வைத்து, சரியான நேரத்தில் "இது" என்கிறார். படத்தைக் கழித்ததும் மிஞ்சியது "இது" மட்டும்தான்.

முதலில் நானே இடையிடையே விளக்கம் பேசிச் சேர்த்தேன். எனக்குத் தெரிந்த பொருளியல், சங்கத்தில் அரிசி முடிந்தால் சனம் ஏசும் என்பது. கோகிலா தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, சரிஞ்ச கோடு எண்டு சொல்லுறியள். எந்தப் பக்கம் சரிஞ்சது? வேலியெண்டாலும் ரெண்டு பக்கமும் சரியும்தானே."

"வலப்பக்கம் பிள்ளை."

"மேலையிருந்து வலப்பக்கம் இறங்குதோ, கீழையிருந்து வலப்பக்கம் ஏறுதோ?"

நான் திரையைப் பார்த்தேன். இரண்டு கோடும் வலப்பக்கந்தான் போயின. "பாத்திட்டுத் திரும்ப எடுக்கிறன் பிள்ளை" என்று சொல்லி வைத்தேன்.

நவநீதன் சேரைத் தொலைபேசியில் பிடித்தேன். கண் தெரியாத பிள்ளை ஒன்று கேட்கிறது, "இது" என்று வருகிற இடங்களில் என்னவென்று பெயர் சொல்லித் தனியாகப் பேசி அனுப்ப முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். மறுபக்கம் சத்தமே இல்லை. "சேர்? சேர்?" என்றேன். "பாக்கிறன்" என்றார். தொடர்பு போய்விட்டது. அன்று மாலை ஒரு குறுஞ்செய்தி வந்தது. தனக்கு நேரமில்லை என்றும், இனித் தன் வீடியோக்களைப் பாவிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

நான் அதைக் கிரேஸ் ரீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்த தொனியில் என் கருத்தும் சேர்ந்திருக்க வேண்டும். "பெரிய சேர்மாருக்கு உப்பிடித்தான் ரீச்சர். ஒரு பிள்ளைக்காக மினக்கெட ஏலாது" என்றேன். சோதனைக்கு அதிக நாள் இருக்கவில்லை. வேறு ஆசிரியர்களைக் கேட்கலாம் என்றும் சொன்னேன்.

"அவரின்ரை பாடத்தை ஒருக்காப் போடும்," என்றார் ரீச்சர்.

போட்டேன்.

"நீர் மெலிய வைச்சதை இல்லை. வந்தமாதிரியே கிடக்குமெல்லே, அதைப் போடும்."

மௌனங்கள் வெட்டாத மூலத்தைப் போட்டேன். ரீச்சர் கேட்டார். நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார். மேசையில் இருந்த ஒரு கையின் விரல் ஒவ்வொரு "இது"வுக்கும் கொஞ்சம் முன்னதாக உயர்ந்தது.

"இதுக்கு முன்னாலை என்ன கேக்குது?"

"ஒண்டும் இல்லை ரீச்சர்."

"அந்த ஒண்டும் இல்லாததைத்தான் கேக்கிறன். திருப்பிப் போடும்."

கேட்டேன். மிகச் சின்னதாக ஒரு மூச்சு உள்ளே போய் அங்கேயே நிற்கிறது. தொண்டைக்குள் ஏதோ ஒன்று பூட்டிக்கொண்டது போல. அதன் பிறகுதான் "இது". எல்லா "இது"வுக்கும் முன்னால் அது இருந்தது. என் கணினி அதை வெறும் மௌனம் என்று எடுத்து ஒழுங்காக வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"அவருக்குச் சொல் தெரியாமல் இல்லை. வாயிலை வருகுதில்லை. திக்குது," என்றார் ரீச்சர். "எனக்குத் தடி இருக்கிற மாதிரி அவருக்கு அந்த 'இது'. நீர் போன் எடுத்து அதைத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறீர்."

அந்த வாரமே இருவரும் சாவகச்சேரிக்குப் பஸ் ஏறினோம். சேரின் வகுப்பு அவர் வீட்டு வளவுக்குள், தகரம் போட்ட நீளமான கொட்டகையில் இருந்தது. பிள்ளைகள் இருக்கிற வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. கோடு போட்ட சேட்டும் சாரமுமாக அவரே வந்து படலையைத் திறந்தார். வீடியோவில் பார்த்ததைவிட மெலிந்த ஆள். நாங்கள் யாரென்று ரீச்சர் சொன்னதும் முகம் இறுகிப்போனது. கதிரைகளைக் கையால் காட்டினார்.

"சேர், கையாலை காட்டினால் எனக்குத் தெரியாது," என்றார் ரீச்சர் உட்காராமலே. "நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ. எங்களுக்குப் பின்னேரம்தான் பஸ்."

அவர் பேசத் தொடங்கினார். தொடங்கினார் என்றுதான் சொல்ல முடியும். வாய் திறந்திருந்தது, தாடை நடுங்கியது, வலது கால் நிலத்தில் மெல்ல அடித்தது. சத்தம் வரவில்லை. நான் வளவில் நின்ற பலாமரத்தைக் கவனமாகப் பார்த்தேன். காய் பிடித்திருந்தது. ரீச்சர் முகத்தை அவர் பக்கம் வைத்தபடி அசையாமல் நின்றார். அவருக்கு அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றார்.

"இ... இருங்கோ," என்றார் சேர்.

இருந்தோம்.

பிறகு கொஞ்சங்கொஞ்சமாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாத்தியார் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாராம்; வகுப்பு முழுக்கச் சிரித்து முடிந்ததும், வாசிக்காமலே உட்காருவாராம். பல்கலைக்கழகப் பரீட்சைகளில் நல்ல சித்தி. ஆனால் நேர்முகத் தேர்வுகளில் பெயரைச் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு ஒன்றைக் கீறிக் காட்டியபோதுதான், கீறிவிட்டு "இது" என்றால் வாய் தடக்குவதில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்.

"பிள்ளையள் எனக்கு 'இது சேர்' எண்டு பட்டம் தெளிச்சிருக்கினம். தெரியும். அது ப... பரவாயில்லை. பழைய பட்டத்தைவிட இது நல்லம்."

இதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் எடுத்தது. நான் இங்கே சுருக்கியிருக்கிறேன், பழக்கதோசம்.

ரீச்சர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தொழில் விடயம்தான் பேசினார். "வகுப்பிலை எண்டால் உங்களுக்கு முன்னாலை ஆக்கள். எங்கடை அறையிலை சுகந்தி மட்டும்தான். ஒரு சொல்லுக்கு எத்தினைதரம் நிண்டாலும் நில்லுங்கோ. நிண்டதை எல்லாம் வெட்டி எடுக்கிறது இவவின்ரை வேலை. முழுப் படத்தையே வெட்டி எறியிற மனிசி, உது பெரிய வேலையில்லை."

சேர் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றேன்.

"கே... கேக்கிற பிள்ளைக்குத் தெரிய வருமோ?"

"நாங்கள் சொல்லமாட்டம்," என்றார் ரீச்சர்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் மோட்டார்சைக்கிளில் மானிப்பாய்க்கு வருவார். யன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, ஒலிவாங்கியை முன்னால் வைப்பேன். முதல்நாள் அவருடைய சேட்டு நனைந்துவிட்டது; விசிறி இல்லாதது மட்டும் காரணமல்ல. பலகை இல்லாமல் அவருக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காற்றில் கீறினார். பிறகு திடீரென்று சுவரைப் பார்த்து, "அந்தப் பிள்ளை முந்திக் க... கண் தெரிஞ்ச பிள்ளைதானே, மணிக்கூடு பாத்திருக்குமெல்லே?" என்று கேட்டார்.

அதிலிருந்து பாடம் வேறாகிவிட்டது. "மணிக்கூட்டு முகத்தை நினையுங்கோ. பத்து மணியிலை தொடங்கி நாலு மணிக்குச் சரிஞ்சு இறங்கிற கோடு, கேள்வி வளையி. விலை கூடினால் வாங்கிறது குறையும். எட்டு மணியிலை இருந்து ரெண்டு மணிக்கு ஏறுற கோடு, நிரம்பல் வளையி. விலை கூடினால் விக்க வாறது கூடும். ரெண்டும் மணிக்கூட்டின்ரை நடுவிலை சந்திக்குது. அது சமநிலை." நூலகத்தில் ஒருவருக்கும் பொருளியல் தெரியாது. அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

வெட்டுவது என் பங்கு. ஒரு சொல்லின் முதல் எழுத்து நாலைந்து துண்டாக வரும். கடைசித் துண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுப்பேன். மூச்சை எடுப்பேன், நின்ற இடத்தை எடுப்பேன், இரண்டு பக்கத்தையும் பொருத்துவேன். ஒரு நாள் அளவுக்கு மிஞ்சி வெட்டிவிட்டேன். ரீச்சர் இருந்து கேட்டுவிட்டு, "அதென்ன, கேவி வளையி? அழுகிற வளையியோ?" என்றார். கேள்வியில் ஒரு எழுத்துப் போயிருந்தது. திரும்பச் செய்தேன். முடிவில் ஒலியில் செய்தி வாசிப்பவர்போல ஒரு ஆள் வந்தார். தடங்கல் ஒன்றும் இல்லை. முதல் பாடத்தைச் சேருக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். எழுந்துபோய் முற்றத்தில் நின்றார். அன்றைக்கு மறுபடி பதிவு செய்யவில்லை.

கோகிலா பாடத்தைக் கேட்டுவிட்டுத் தன் தாயைக் கூப்பிட்டு, கொப்பியும் பென்சிலும் கொடுத்து, தான் சொல்லச் சொல்லக் கீற வைத்தாளாம். தாய் வெங்காயப் பாத்திகளுக்கு வாய்க்கால் தண்ணீர் மாறிவிட்டு வந்த கையோடு கீறியிருக்கிறார். பிறகு புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "உதுதானடி இது" என்றாராம். "அக்கா, அம்மாவுக்கு வந்தால் ஆருக்கும் வரும்," என்றாள் கோகிலா. சோதனை மண்டபத்தில் அவளுக்கு எழுத வந்த பெண் தாயைவிட நன்றாகக் கீறினாளோ தெரியாது. பெறுபேறு வந்தபோது பொருளியலுக்கு 'பி' தரம் கிடைத்திருந்தது. கலைப்பீடத்துக்குப் போகப் போதும்.

சில நாட்கள் கழித்துத் தாயும் மகளும் நூலகத்துக்கு வந்தார்கள். கையில் ஒரு உரப்பை நிறைய வெங்காயம். அன்று சனிக்கிழமை. அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்காகச் சேர் உள்ளே பதிவுக்கு ஆயத்தமாக இருந்தார். அவர்கள் வருவது எங்கள் யாருக்கும் தெரியாது.

"சேரும் இஞ்சைதான் நிக்கிறார்," என்று ரீச்சர் சொல்லிவிட்டார்.

கோகிலாவின் முகம் மலர்ந்தது. "எங்கை?" என்று கதவுப்பக்கம் திரும்பினாள். சேர் வெளியே வந்து, அவளுக்கு நேரே நின்றார். வாயைத் திறந்தார். அவள் பெயர் வரவில்லை. தாடை ஆடியது, கால் அடித்தது, சத்தம் இல்லை. பார்க்கிறவருக்கு ஒரு மனிதர் படுகிற பாடு தெரியும். கேட்கிறவளுக்கு அங்கே ஆள் இல்லை.

"அம்மா, சேர் வெளியிலை போயிட்டாரோ?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

தாய் சேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சேரின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதமும் அவருடைய சொற்களை முடித்து வைத்தவள் நான். அந்தப் பெயரை நானே சொல்லிவிட வாயெடுத்தேன்.

"சுகந்தி," என்றார் ரீச்சர். "போய்த் தேத்தண்ணி போடும்."

போனேன். கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன்.

"கோ..." என்று கேட்டது. நின்றது. "கோ... கோ... கோகிலா."

"நிக்கிறன் சேர்," என்றாள் அவள் உடனே.

"எ... எந்தக் கேள்வியள் செய்தனீர்?"

பாடம் படிப்பித்த ஒருவர் கேட்கக்கூடியது வேறென்ன. அவள் சொன்னாள். அவர் அடுத்ததைக் கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் வந்து சேர நேரம் எடுத்தது; அவள் ஒன்றுக்கும் முந்தவில்லை. நான் தேநீரோடு திரும்பி வந்தபோது அவள் ஏதோ யோசித்துக்கொண்டு நின்றாள். எங்கள் இரகசியம் முடிந்தது என்று எனக்கு விளங்கியது. சேருக்கும் விளங்கியிருக்க வேண்டும். சேட்டுக் கையை இழுத்துவிட்டபடி நின்றார்.

"சேர், ஒண்டு சொல்லட்டே? கோவியாதேங்கோ," என்றாள் கோகிலா.

"சொல்லும்."

"பாடத்திலை நீங்கள் சரியான கெதி சேர். மூச்சு விடாமல் கதைச்சுக்கொண்டு போறியள். நான் நிப்பாட்டி நிப்பாட்டித்தான் கேட்டனான். இப்பிடி ஆறுதலாச் சொல்லியிருந்தால் எனக்கு ஏ கிடைச்சிருக்கும்."

 தாய் வெங்காயப் பையைப் பார்த்தார். கிரேஸ் ரீச்சர் முகத்தை நான் நின்ற பக்கம் திருப்பினார். அந்த வேகம் முழுக்க என்னுடைய கைவேலை என்பது அந்த அறையில் எங்கள் மூவருக்கும் தெரியும்.

சேர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பில் அவருக்கு ஒரு தடக்கலும் இருக்கவில்லை.